பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகும் தம்பிமாருக்கு

(கண்டிக்கு அருகே மடவளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரிசியும் பால்மாவும் விற்கிற விலையில் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அறுபது எழுபது வயதுக் காரைப் பற்றி ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கார் வேண்டாம் என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மூர்ப் பையன்கள் பலர், மாமாவின் கராஜிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் தூசி படிந்து கிடந்த பழைய வண்டிகளைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். ஆசை வந்துவிட்டது. அது ஏமாற்றத்தில் முடியாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் அக்கறை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், உடம்பைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு அதைப் புதுக் காராக்கப் பார்க்காதீர்கள்.

இந்த இரண்டு இருக்கைக் கார்கள் நம் மலைகளுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த வழி தெரிந்தால்தான் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்பது விளங்கும். எம்.ஜி., ட்ரயம்ப், ஒஸ்டின் ஹீலி என்று பிரித்தானியாவில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களை இங்கே அதிகம் விரும்பி ஓட்டியவர்கள் தோட்டத் துரைமார். அதிலும் கலியாணம் ஆகாத சின்னத்துரைமார். சனிக்கிழமை பின்னேரம் கிளப்புக்குப் போக ஒரு கார், ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் பந்தயம் ஓட அதே கார். மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைச் சரிவில் வளைந்து ஏறும் குறுகிய பாதையில் ஒவ்வொருவராக நேரம் பிடித்து ஓடும் பந்தயம் அது. மலைநாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்கு அங்கேதான் வேர்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை அந்த இறுக்கம் பெரிதாகத் தளரவில்லை. இடையில் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமார் போனார்கள், கார்கள் நின்றன. ஆகவே இந்த நாட்டில் உங்களுக்கு அகப்படும் பிரித்தானிய இரட்டை இருக்கைக் கார் பெரும்பாலும் 1940களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் தொடக்கம்வரை இறங்கியதாகவே இருக்கும். எம்.ஜி. டீ.டி., டீ.எஃப்., எம்.ஜி.ஏ., ட்ரயம்ப் டீ.ஆர்., முன்னால் இரண்டு கண் துருத்திய ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட், இவைதாம். இந்த வகைப் பிரித்தானியக் கார்களில் மிக அதிகமாகச் செய்த எம்.ஜி.பி. 1962இல்தான் வந்தது. நமக்கு அது பிந்திய விருந்தாளி. இத்தனை பழைய வண்டியை இன்று புதிதாக இறக்கவும் இலகுவான வழியில்லை. பாவித்த காருக்கு வயது எல்லை இருக்கிறது. நாட்டில் மிஞ்சியிருப்பதுதான் கணக்கு. ஒன்று பழைய இரும்புக்குப் போனால் ஒன்று குறைந்ததுதான்.

ஒரு காரின் வரலாறு அதன் நம்பர் தகட்டிலேயே தொடங்குகிறது. சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்தோடு இருக்கும் தகடு ஐம்பதுகளுக்கும் அதற்கு முந்திய காலத்துக்கும் உரியது. 1957 முதல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அந்த ஓர் எழுத்து இந்த நாட்டை என்ன பாடுபடுத்தியது என்று இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். 1958இல் வடக்கில் ஸ்ரீ தகட்டின்மீது தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளின்மீது தார் பூசினார்கள், அந்த ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. கண்டியைச் சுற்றி இன்றும் ஓடும் பழைய கார்களில் அந்த இரண்டு தகடும் இருக்கின்றன. அழகுக்காகப் புது எழுத்தில் அச்சடித்து மாட்டும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பழைய தகடு வளைந்திருந்தாலும் அதுவே இருக்கட்டும்.

இனி வாங்குவதற்கு வருவோம்.

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மேலே தெரியும்படி வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம்மூரார் வியாபாரத்தில் ஊறியவர்கள். பழைய காரும் அந்தக் குவியல்தான். மேலே பெயின்ட் மின்னும், குரோமியம் பளபளக்கும், உள்ளே ஈரம் இருக்கும். விற்பவர் சொல்லாவிட்டால் நீங்கள்தான் கையை விட்டுப் பார்க்கவேண்டும்.

விற்பவர் என்ன சொல்வார்? "நானா, எஞ்சின் தங்கம். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், கேட்டுப் பாருங்க." ஸ்டார்ட்டும் ஆகும். சத்தம் கேட்டதும் நம்ம ஆளுக்கு மனசு உருகிவிடும், சல்லி கைமாறிவிடும். எஞ்சினை ஏன் கணக்கில் எடுக்காதே என்கிறேன்? அது இந்த நாட்டில் திருத்தக்கூடியது. ஸ்பிரைட்டின் 948 சீ.சீ. எஞ்சின் வேறு எங்கிருந்தோ வந்ததல்ல. அதே காலத்து மொரிஸ் மைனர் 1000இலும் ஒஸ்டின் ஏ35இலும் இருந்த ஏ-வரிசை எஞ்சின்தான். ஸ்பிரைட்டுக்கு இரண்டு கார்பரேட்டர் வைத்து, கொஞ்சம் சூடேற்றிக் கொடுத்தார்கள். மைனர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் பாஸ்மார் கண்டியில் இன்னும் இருக்கிறார்கள். எம்.ஜி.ஏ.யின் முதல் எஞ்சின் 1489 சீ.சீ. பீ-வரிசை. அதன் உடன்பிறப்பு இந்தியாவின் அம்பாஸடர் காரில் பல வருடங்கள் ஓடியது. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயரின் செஸி ஹெரால்ட் காரிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பனி 1961 முதல் செய்தது. எல்லாச் சாமானும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். கேம் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், பிஸ்டன் ஆகியவற்றில் வித்தியாசம் உண்டு. ஆனால் உதிரிப்பாகம் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் பாதி வேலை முடியும். லேத்துக்குக் கொடுத்து சிலிண்டர் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் மீதியும் முடியும். எஞ்சின் செத்த காருக்கு மருந்து உண்டு.

உடம்பு செத்த காருக்கு மருந்து அவ்வளவு இலகு இல்லை. எங்கே கைவிட்டுப் பார்ப்பது என்பது காருக்குக் கார் மாறும். எம்.ஜி. டீ.டி., டீ.எஃப். இரண்டுக்கும் அடியில் இரும்புச் செஸி, மேலே ஆஷ் மரச் சட்டம், அதன்மேல் தகடு. தகடு நன்றாக இருக்கும், உள்ளே சட்டம் உக்கியிருக்கும். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு தனியாக அசைந்தால் பிணைச்சல் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. கதவோடு சேர்ந்து தூணும் அசைந்தால் மரம் போய்விட்டது. ஆஷ் மரம் நம் காட்டில் இல்லை, கறையானோ இருக்கிறது. கதவுத் தூணின் அடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி சீஸ் கட்டியில் இறங்குவதுபோல் இறங்கினால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எம்.ஜி.ஏ.க்குச் செஸி தனி, தரை ஒட்டுப்பலகை. பலகையை மாற்றலாம், செஸியின் ஓரத் தூண்களைத்தான் கவனிக்கவேண்டும்.

ஸ்பிரைட்டுக்கும் எம்.ஜி.பி.க்கும் தனிச் செஸி கிடையாது. தகடே எலும்பு. முதல் ஸ்பிரைட்டில் பின் ஸ்பிரிங்கின் முன்நுனி இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அந்த இடத்தில் துரு பிடித்தால் பின்சில்லு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எம்.ஜி.பி.யில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் கார் முழுவதையும் தாங்குகிறது. பின்சில்லுக்குச் சற்று முன்னால் ஜாக் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கதவு இடைவெளி குறுகினால், அல்லது கதவு திறக்க மறுத்தால், கார் நடுவில் மடிகிறது என்று அர்த்தம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் பெயின்டுக்குக் கீழே இருப்பது தகடு இல்லை, பட்டி. விற்பவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தகடு அடிக்கும் கை நம் நாட்டில் இல்லாமல் போய்விட்டதா? இல்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் திருத்தி விற்ற சார்ள்ஸ் வெயார் என்பவரும், தனபால சமரசேகர என்ற இலங்கையரும் சேர்ந்து, மைனருக்கான உடற்தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இங்கே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலேயக் காருக்கு இலங்கைத் தகடு! நம் டிங்கர் பாஸ்மாரின் கை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைக்கு வயதாகிவிட்டது, பழக வரும் பையன்கள் குறைவு. முன்பெல்லாம் கண்டியில் பட்டறை என்றால் ஒரு பெருமை இருந்தது. 1854இல் ஜோன் வோக்கர் இந்த நகரில் தொடங்கிய பட்டறை கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்துத்தான் பெரிய கம்பனியாக வளர்ந்தது.

பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அது இல்லாமல் மேலே சொன்ன எல்லாம் வீண். செஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்திருக்கவேண்டும். அசல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் எஞ்சினைப் போட்ட வண்டிகள் நம் நாட்டில் ஏராளம், போட்டதைப் புத்தகத்தில் பதியாதவையும் ஏராளம். அதைவிடக் கொடியது ஓபன் பேப்பர். முதல் உரிமையாளர் வெறும் மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார். அது ஐந்தாறு கை மாறி உங்களிடம் வரும். கையெழுத்து வைத்தவர் மௌத்தாகிவிட்டிருக்கலாம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாறும்வரை அந்தக் கார் உங்களுடையது அல்ல. விலை எவ்வளவு குறைத்தாலும் ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். இன்னொன்று, 2008 முதல் வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேண்டும். கார்பரேட்டர் ஒழுங்காக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

சரி, வாங்கியாயிற்று. வீட்டு வாசலில் நிற்கிறது, வாப்பா முறைக்கிறார். இனி?

கண்டிக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம். காலியிலும் நீர்கொழும்பிலும் காரைத் தின்னும் உப்புக்காற்று நமக்கு இல்லை. ஆனால் ஈரம் இருக்கிறது. வருடத்தில் பல மாதம் மழை, மற்ற மாதங்களில் காலைப் பனி. இந்த ஈரத்தில் காருக்கு மிகக் கெடுதல் செய்வது பிளாஸ்டிக் விரிப்பு. மழையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று மூடிவைப்பார்கள், நிலத்து ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு அடித்தகட்டைத் தின்றுவிடும். கூரையின் கீழ், சீமெந்துத் தரையில், காற்றோட்டமாக நிறுத்துங்கள். மூடுவதானால் பருத்தித் துணியால் மூடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் இலைக் குப்பை அடையாமல் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பெட்டித் தகடுகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுங்கள். எலிக்குக் கார் வயர் என்றால் உயிர், கராஜில் அரிசி மூட்டை வைக்காதீர்கள்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். நாம் மலையில் இருக்கிறோம். டீ.டி.க்கும் முதல் எம்.ஜி.ஏ.க்கும் நாலு சில்லிலும் டிரம் பிரேக்தான். மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவிலும், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி தரைக்குப் போய்விடும். நம்மூர் ஈரப்பதத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது முழுவதையும் மாற்றுங்கள். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டிய டயர் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழையில் பிடிக்காது.

2002இல் இங்கே ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. இந்தப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை. அது இல்லாமல் மலையில் நெடுநேரம் உழைத்தால் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். ஹெட்டைக் கழற்றும் வேலை எப்படியும் ஒருநாள் வரும். வரும்போது கடினமான இருக்கை போட்டுவிடச் சொல்லுங்கள், கவலை தீர்ந்தது. எண்ணெய் 20-50 தடிப்பு போதும். இன்றைய விலைகூடிய மெல்லிய எண்ணெய்களில் பழைய டப்பெட்டுகளுக்குத் தேவையான துத்தநாகச் சேர்க்கை குறைவு. பற்றரியைப் பூட்டமுன் பூமி இணைப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலும் பொசிட்டிவ் பக்கம் பூமியானவை. அதைப் பார்க்காமல் பூட்டிப் புகைய விட்ட கராஜ்கள் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலான பராமரிப்பு ஓட்டுவது. வாரத்துக்கு ஒருநாள் வத்துகாமம்வரை, எஞ்சின் முழுச் சூடாகும்வரை ஓட்டி வாருங்கள். நிறுத்தியே வைத்த காரில் ரப்பர் இறுகும், பெற்றோல் பசையாகும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். கலியாண வீட்டுக்கு மட்டும் எடுக்கும் கார் கலியாண வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

இப்போது நான் முதலில் சொன்ன இரண்டாவது பாதி. புதியவர்கள் கார் வாங்கியதும் செய்யும் முதல் காரியம் முழுக்கப் பிரித்துப் போடுவது. பிரித்த கார்களில் பல திரும்பப் பூட்டப்படுவதில்லை. கட்டட வேலை வரும், தங்கச்சி கலியாணம் வரும், கார் பெட்டிகளில் கிடந்து ஒருநாள் இன்னொருவருக்குப் போகும். அப்படிப் பெட்டியாக வருவதை வாங்கவும் வேண்டாம். பூட்டி முடித்தாலும் என்ன மிஞ்சும்? அசல் தோல் இருக்கை போய் ரெக்சின் வந்திருக்கும், ஸ்மித்ஸ் மீற்றர் போய் வேறு ஒன்று வந்திருக்கும், விற்ற கம்பனி ஒட்டிய சின்னத் தகட்டை டிங்கர் பாஸ் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார். கொழும்பு கோல் ஃபேஸ் ஹோட்டலில் 1935ஆம் வருட ஸ்டாண்டர்ட் நைன் கார் ஒன்று காட்சிக்கு இருக்கிறது. 1940இல் கடற்படையில் இங்கே இருந்த இளம் ஃபிலிப், பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவர், 450 ரூபாவுக்கு வாங்கிய கார். அது ஸ்போர்ட்ஸ் காரும் அல்ல, அபூர்வக் காரும் அல்ல. யார் கையில் இருந்தது என்ற செய்தி தொலையாமல் இருந்ததால்தான் அது அங்கே நிற்கிறது. உங்கள் காரும் ஏதோ ஒரு சின்னத்துரையின் கையில் மகாகஸ்தோட்டை ஏறியிருக்கலாம். பெயின்டை உரித்துவிட்டால் அந்தச் செய்தியும் உரிந்துபோகும். ஓட ஆபத்தானதை மாற்றுங்கள்: பிரேக், டயர், வயர், ஸ்டியரிங். பார்க்கப் பழையதாக இருப்பதை அப்படியே விடுங்கள். என் தீர்ப்பு அதுதான், பளபளப்பு விரும்புகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கடைசியாக இந்தச் சபையிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ பழைய கார் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போன் பண்ணமுன் அதன் புத்தகத்தையும், யாரிடமிருந்து வந்தது என்ற கதையையும், பழைய ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வாங்க வருபவருக்கு அந்த உறை காரைவிடப் பெறுமதியானது. தகடு அடிக்கவும் மரச்சட்டம் இணைக்கவும் தெரிந்த பாஸ் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், பள்ளிக்கூடம் முடித்துச் சும்மா இருக்கும் ஒரு பையனை அவரிடம் பழக அனுப்புங்கள். அவருக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.